அரைக் கிலோவில் தப்பிய உயிர்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. மறைந்த பெரியவர் யாராவது ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதித் தாருங்கள், இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும் என்றார்கள். விஞ்ஞானிகள், தேசத் தலைவர்கள் பற்றியெல்லாம் நம் சீனியர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். அதனால் நான் ஒரு வேட்டைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். பயப்படாதீர்கள், இது வேட்டைக் கதை மட்டும் இல்லை. மெக்கானிக்கல் முடித்துவிட்டு டிசைன் வேலைக்குப் போனவன் நான். என் வேலையை ஒரே வார்த்தையில் சொல்வதானால், எடைக்குறைப்பு. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் ஜிம் கார்பெட்டின் வாழ்க்கை வேறு மாதிரி தெரிகிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

கார்பெட் 1875 ஜூலை 25-ம் தேதி இமயமலை அடிவாரத்து நைனிதாலில் பிறந்தார். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். 1881-ல் அப்பா இறந்தபோது கார்பெட்டுக்கு ஆறு வயதுகூட முழுசாக நிரம்பவில்லை. பெரிய குடும்பம், சின்ன வருமானம். கோடையில் நைனிதால், குளிர்காலத்தில் கீழே காலாதுங்கி. அந்தக் காலாதுங்கிக் காடுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். முதலில் உண்டிவில், அப்புறம் வில், அதற்கும் பிறகுதான் துப்பாக்கி.

அந்த முதல் துப்பாக்கியின் லட்சணத்தைக் கேளுங்கள். குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய ரகம். இரட்டைக் குழல் என்று பெயர்தானே தவிர, ஒரு குழல் பிளந்து கிடந்தது. அடிக்கட்டையைப் பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்கள். பையன் ஒற்றைக் குழலை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றினான். ஒரே குண்டு, திரும்பக் கெட்டிக்க வெகு நேரம். குறி தப்பினால் போச்சு! அதனால் நின்று, கேட்டு, நிச்சயம் பண்ணிக்கொண்டுதான் சுடவேண்டும். அந்த ஓட்டைத் துப்பாக்கி கற்றுத்தந்த பாடம் கடைசிவரைக்கும் அவரை விடவில்லை.

அடுத்து பள்ளியின் மாணவர் படையிலிருந்து கடனாக வந்தது ஒரு மார்ட்டினி ராணுவத் துப்பாக்கி. பெரியவர்களுக்கே கனம், உதையும் பலம். சின்னப் பையன் தோளுக்கு எப்படி இருந்திருக்கும்! இருந்தும் தன் முதல் சிறுத்தையை அவர் அதில்தான் சுட்டார்.

வீட்டு நிலைமையால் படிப்பைத் தொடர முடியவில்லை. ரயில்வேயில் என்ஜினுக்கு விறகு வெட்டி அனுப்பும் வேலையில் சேர்ந்தார். பிறகு பீகாரில், கங்கைக் கரையில் மொகாமா காட் என்ற இடத்தில் சரக்கு மாற்றும் கான்ட்ராக்ட் கிடைத்தது. கங்கையின் இந்தக் கரையில் அகலப் பாதை, அந்தக் கரையில் மீட்டர் கேஜ். ஒரு பக்கத்து வேகனில் வந்த சரக்கை இறக்கி, ஆற்றைத் தாண்ட வைத்து, மறுபக்கத்து வேகனில் ஏற்ற வேண்டும். கிரேன் கிடையாது. எல்லாம் மனிதத் தலையும் தோளும்தான். வருஷத்துக்கு ஐந்து லட்சம் டன் அளவுக்கு அங்கே சரக்கு கைமாறியது. கார்பெட்டும் ஆட்களோடு சேர்ந்து மூட்டை தூக்கினார். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தார். எடை என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்தவர் இல்லை அவர், முதுகில் படித்தவர்.

தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஸ்டேஷன் மாஸ்டரோடு சேர்ந்து ஒரு பள்ளிக்கூடமும் நடத்தினார். ஒரே குடிசைக்குள் மேல்சாதி, கீழ்சாதிப் பிள்ளைகள் சேர்ந்து உட்காரக்கூடாது என்று தகராறு வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? சுவர்களை எடுத்துவிட்டார். சுவர் இல்லாவிட்டால் அது குடிசை இல்லை, வெறும் கொட்டகை. கொட்டகையில் சேர்ந்து உட்காரத் தடை இல்லையாம்! தேவையில்லாததை எடுத்துவிட்டால் பிரச்னை தீரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலி. அது 436 பேரைக் கொன்றிருந்தது. கார்பெட் அதைத் துரத்திப் போனபோது கையிலிருந்தது கனமான புள்ளி 500 ரகத் துப்பாக்கி, மூன்றே மூன்று தோட்டா. மூன்றும் தீர்ந்துபோக, கூட வந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஓடினார். அதைத் தூக்கிக் குறி பார்க்கப் போனால், குழலுக்கும் பின்கட்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி! சுட்டால் குழல் வெடிக்கலாம், சூடான வாயு முகத்தில் அடித்துக் கண்ணே போகலாம். வேறு வழி இல்லாமல் அதிலேயே சுட்டு முடித்தார். பிறகு பார்த்தபோது அந்தப் புலியின் வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சரியாகக் குறி பார்க்காமல் சுட்ட குண்டின் வேலை அது. இயல்பான இரையைப் பிடிக்க முடியாத புலி மனிதர்களிடம் வந்துவிட்டது. ஒரு மோசமான குறிக்கு விலை, 436 உயிர்.

அந்த வேட்டைக்குப் பரிசாக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹெவெட் கார்பெட்டுக்கு ஒரு புதுத் துப்பாக்கி கொடுத்தார். (தாசில்தாருக்கும் ஒரு நல்ல துப்பாக்கி கிடைத்தது. அவருக்குத்தான் அவசியமாக இருந்தது!) லண்டன் ரிக்பி கம்பெனியின் புள்ளி 275. உள்ளே இருந்தது ஜெர்மன் மவுசர் பொறியமைப்பு. அதே 1898 மவுசர் அமைப்பில் செய்த ஜெர்மன் ராணுவத் துப்பாக்கி 74 செ.மீ. குழலோடு நாலு கிலோவைத் தாண்டும். ரிக்பி வேட்டைத் துப்பாக்கியோ சுமார் மூன்றரை கிலோதான். வித்தியாசத்தில் பெரும் பங்கு குழலுடையது.

மாணவர்கள் ஒரு பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ. நீளம், 7 மி.மீ. துளை, வெளிவிட்டம் 18 மி.மீ. உள்ள ஒரு எஃகுக் குழாய் ஏறத்தாழ 1020 கிராம் வரும். வெளிவிட்டத்தை 16 மி.மீ. ஆக்குங்கள், சுமார் 770 கிராம். வெறும் இரண்டு மி.மீ. குறைத்ததில் கால் கிலோ போய்விட்டது. விட்டத்தின் வர்க்கம் செய்கிற வேலை இது. அதிலும் எந்த இடத்தில் குறைக்கிறோம் என்பது இன்னும் முக்கியம். கைக்கு 20 செ.மீ. தள்ளி இருக்கிற 100 கிராமைவிட, 60 செ.மீ. தள்ளி இருக்கிற 100 கிராம் மணிக்கட்டுக்கு மூன்று மடங்கு பாரம். துப்பாக்கியைச் சுழற்றும்போது அது ஒன்பது மடங்கு தடை கொடுக்கும். தோட்டா வெடிக்கும் பின்பக்கத்தில் காற்றழுத்தத்தைப்போல மூவாயிரம் மடங்கு அழுத்தம் இருப்பதால் அங்கே கை வைக்கக்கூடாது. முனைப்பக்கம் அழுத்தம் குறைவு, அங்கே மெலிய வைக்கலாம். நல்ல குழல் பின்னால் தடித்து முன்னால் ஒடுங்கி இருப்பது அழகுக்காக இல்லை.

கனமான வேட்டைத் துப்பாக்கியை இளைக்க வைக்க இன்றும் பெரிய வழி குழல் மாற்றுவதுதான். பழைய குழலைத் திருகிக் கழற்றி, ஒடுங்கிய புதுக் குழலைப் பொருத்துவார்கள். மரையும் தோட்டா அறையும் மிக நுணுக்கமாக உட்கார வேண்டும். அதில் பிசகினால் தாசில்தார் துப்பாக்கியின் கதைதான். அடிக்கட்டையின் பள்ளத்தைப் புதுக் குழலுக்குச் சரிபண்ண வேண்டும், குறியையும் மறுபடி பிடிக்க வேண்டும். இதில் எதுவும் இலவசம் இல்லை. மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும், அதிகமாக அதிரும், தொடர்ந்து சுட்டால் குறி நகரும். நாலு கிலோவை மூன்றரை ஆக்கினால் துப்பாக்கி பின்னால் உதைக்கும் சக்தி சுமார் 14 சதவீதம் ஏறும். சிப்பாய் பத்து இருபது குண்டு தொடர்ந்து சுடுகிறவன், அவனுக்குத் தடித்த குழல் வேண்டும். கார்பெட் சுடுவது ஒன்று அல்லது இரண்டு. அவருக்கு எது வேண்டாம் என்பது அவருக்குத் தெரியும்.

பெரிய மிருகத்துக்கு என்று அவரிடம் நாலரை கிலோவை ஒட்டிய இரட்டைக் குழல் புள்ளி 450/400 துப்பாக்கியும் இருந்தது. ஆனால் நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவருக்கு ரிக்பிதான் தோழன். கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் எட்டு வருஷத்தில் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தையை 1926-ல் இரவு நேரத்தில், துப்பாக்கியில் டார்ச் கட்டி முடித்தது அந்த ரிக்பியால்தான்.

இப்போது 1930 ஏப்ரல் 11. சௌகர் பகுதியில் 64 பேரைக் கொன்ற பெண்புலி. முந்தைய வருஷம் இதே புலி என்று நினைத்து அதன் வளர்ந்த குட்டியைச் சுட்டுவிட்டார். தாய் தப்பித்துக்கொண்டது. அன்று சாயங்காலம் கார்பெட் இரண்டு ஆட்களோடு ஒரு வறண்ட ஓடையில் இறங்கி வருகிறார். வழியில் பக்கிக் குருவியின் முட்டை இரண்டு கண்ணில் படுகிறது. முட்டை சேகரிக்கிற பழக்கம் உண்டு அவருக்கு. பாசியில் பொதிந்து இடது கையில் எடுத்துக்கொண்டார். வலது கையில் இலேசான துப்பாக்கி, மார்புக்குக் குறுக்கே.

ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பி, பின்னால் பார்க்கிறார். எட்டடி தூரத்தில் மணலில் படுத்தபடி புலி அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது!

வேகமாக அசைந்தால் புலி பாயும். துப்பாக்கியின் முனையோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. முக்கால் வட்டம் சுற்றிக் கொண்டுவர வேண்டும், அதுவும் ஒற்றைக் கையால். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் முனையை நகர்த்தத் தொடங்கினார். கால் வட்டத்தில் அடிக்கட்டை இடுப்புப் பக்கம் இடித்தது. கையை வெளியே நீட்டினார். நீட்ட நீட்டப் பாரம் ஏறியது. கை முழு நீளத்துக்கு வந்துவிட்டது, தசை தளரத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. புலியின் கண் அவரை விட்டு அகலவில்லை. முனை நேருக்கு வந்ததும் விசையை அழுத்தினார். ஒரே குண்டு. புலியின் தலை மெல்ல முன்னங்கால்மேல் சாய்ந்தது.

பிறகு அவரே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். தனக்குப் பாதகம் போலத் தோன்றிய மூன்று விஷயங்கள்தான் தன்னைக் காப்பாற்றின என்று எழுதி வைத்தார். இடது கையில் முட்டை இருந்ததால் இரண்டு கையாலும் துப்பாக்கியைச் சட்டென்று தூக்கத் தோன்றவில்லை. ஆட்கொல்லி என்பதால் அது ஓடவில்லை. மூன்றாவது, துப்பாக்கி இலேசாக இருந்தது. கனமானதாக இருந்திருந்தால் ஒற்றைக் கையை நீட்டி அப்படித் தூக்கியிருக்கவே முடியாது. முட்டைகளை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார். தாய்ப்பறவை அரைமணி நேரத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தக் கட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பழைய தப்பு ஒன்று ஞாபகம் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஷாஃப்டை இளைக்க வைத்துப் பாராட்டு வாங்கினேன். டெஸ்டில் அது அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விட்டது. எவ்வளவு எடுக்கலாம் என்று மட்டும் கணக்குப் போட்டேனே தவிர, அந்த ஷாஃப்ட் தினமும் என்ன வேலை செய்யப்போகிறது என்று யோசிக்கவில்லை. கார்பெட் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினார்.

பிற்காலத்தில் அவர் துப்பாக்கியையே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வைத்தார். சினிமா காமிராவைத் தூக்கிக்கொண்டு புலிகளைப் படம் பிடித்தார். காமிரா ஓடுகிற சத்தம் கேட்டுப் புலி மிரள்கிறதென்று, ஓடையில் சின்ன அணைகள் கட்டி விழுகிற தண்ணீரின் சத்தத்தால் அதை மறைத்தார். 1936-ல் குமாயுன் அடிவாரத்தில் நாட்டின் முதல் தேசியப் பூங்கா அமைந்ததற்குப் பின்னால் அவருடைய முயற்சியும் உண்டு. 1938-ல் 63-வது வயதில் தாக் புலியோடு ஆட்கொல்லி வேட்டையை நிறுத்தினார். 1944-ல் அவருடைய முதல் புகழ்பெற்ற புத்தகம் வந்தது. நம்மில் பலர் அதைக் குமாயுன் புலிகள் என்று தமிழில் படித்திருப்போம். 1947-ல் அக்கா மேகியோடு கென்யாவின் நியேரிக்குப் போனார். தாம் உருவாக்கிய சோட்டி ஹல்த்வானி கிராமத்து நிலங்களை அங்கே பயிர் செய்தவர்களுக்கே விட்டுவிட்டுத்தான் போனார். 1955 ஏப்ரல் 19-ல் காலமானார். அந்தப் பூங்காவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் அங்கேதான் தொடங்கியது. ரிக்பி துப்பாக்கி 2015-ல் அதைச் செய்த கம்பெனிக்கே திரும்பிப் போனது.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த டிசைனிலும் எடையைக் குறைக்கும்முன், அது யார் கையில், எந்த நிமிஷத்தில் இருக்கப்போகிறது என்று ஒரு தடவை யோசியுங்கள். அரைக் கிலோ என்பது நமக்கு ட்ராயிங்கில் ஒரு எண். சௌகர் ஓடையில் அது ஒரு மனிதரின் உயிர்.