வானேறா வானோவியர்

ஆகாய விமானங்களையும் அவை செய்த போரையும் சித்திரமாக எழுதிப் பெரும்புகழ் எய்தியவர் பால் நாஷ் என்னும் ஆங்கில ஓவியர். எனினும், அவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் விமானமேறிப் பறந்தாரல்லர்.

இவர் 1889-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஒரு வழக்கறிஞரின் மைந்தராய்ப் பிறந்தார். முதல் உலக யுத்தத்தில் காலாட்படை அதிகாரியாய்ப் பெல்ஜிய நாட்டுப் போர்முனை சென்றார். 1917 மே மாதத்தில் ஓரிரவு பதுங்குகுழியில் இடறி வீழ்ந்து விலாவெலும்பு முறியவே, தாயகம் அனுப்பப்பட்டார். சின்னாட்களில் அவருடைய படைத்தோழர் பலர் ஒரு தாக்குதலில் மாண்டனர். உயிர் பிழைத்த அவர், ஓவியராய் மீண்டும் அங்குச் சென்று, குண்டுகளாற் குழிபட்ட நிலத்தையும் கிளையிழந்த மரங்களையும் உலகறியத் தீட்டினார்.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டபின், 1940-இல், விமானப்படைக்கு ஓவியராய் நியமனம் பெற்றார். அந்தோ! நெடுநாளாய் அவரை வருத்திய இரைப்பு நோய் விண்ணேறுதற்குத் தடையாயிற்று. ஆயினும் அவர் சோர்ந்தாரல்லர். தரையில் நின்ற விமானங்களை உற்று நோக்கினார். அவற்றை வெறும் யந்திரங்களாகக் கருதாது, தனித்தனி முகமும் இயல்பும் படைத்த உயிர்களாகவே கண்டார். அம்முறையை விமானத்துறை அதிகாரிகள் விரும்பவில்லை. அவ்வாண்டு முடியுமுன்னரே பதவி பறிபோயிற்று. போர் ஓவியர் குழுவினரோ அவரைக் கைவிடாது, அவர்தம் படங்களை விலைகொடுத்து வாங்கினர்.

ஆக்ஸ்போர்டு நகரையடுத்த கௌலியில், வீழ்ந்த ஜெர்மானிய விமானங்களின் சிதைவுகள் குவிந்து கிடந்தன. அக்குவியல் அவர் கண்ணுக்கு நிலவொளியில் உறைந்த அலைகடலாய்த் தோன்றிற்று. 1941-இல் அதனை முடித்து, 'இறந்த கடல்' எனப் பொருள்படும் ஜெர்மானியப் பெயரையே அதற்கிட்டார். அலைமேல் பறப்பது விமானமன்று; ஓர் ஆந்தையே. அவ்வாண்டிலேயே எழுதிய 'பிரிட்டன் போர்' என்னும் படத்தில், வளைந்தோடும் ஆற்றையும் கடலையும் விண்ணில் நெடுந்தொலைவு சுழலும் வெண்புகைக் கோடுகளையும் ஒருங்கே காண்கிறோம். விமானியும் ஒருநோக்கில் காணவியலாத காட்சியை நிலத்தில் நின்றவர் நமக்குக் காட்டினார்.

1946-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். கிட்டாத வரத்தை எண்ணி ஏங்கி, கையிலுள்ள தாலந்தை மண்ணிற் புதைப்போர் நம்மிற் பலர். நாஷ் அதனைப் புதைத்தாரல்லர். வானம் அவருக்கு அடைபட்டிருந்தது, கண்ணோ திறந்திருந்தது.