தொப்பிக்குள் காமிரா வைத்த டாக்டர்

இரவு மணி ஒன்று. ஹாலந்து நாட்டில் ஹேக் நகரம். 1930ஆம் ஆண்டு ஜனவரி மாதம். வெளியே கடுங்குளிர்.

ஓர் அறையில் மந்திரிகள் கூடியிருந்தார்கள். பிரான்சு நாட்டின் பிரதமர் தார்தியூ இருந்தார். ஜெர்மனியின் வெளிநாட்டு மந்திரி கூர்ட்டியஸ் இருந்தார். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி எவ்வளவு நஷ்ட ஈடு கொடுக்கவேண்டும் என்பதே பேச்சு. பேசிப் பேசி எல்லோருக்கும் அலுத்துவிட்டது. சோபாவில் சாய்ந்துவிட்டார்கள். சிலருக்குக் கண் செருகிவிட்டது.

அந்த நேரத்தில் ஒருவர் அவர்களைப் படம் பிடித்தார். பளிச்சென்று வெளிச்சம் அடிக்கவில்லை. யாரும் திடுக்கிட்டு எழவில்லை. அறையில் எரிந்த விளக்குகளின் வெளிச்சமே அவருக்குப் போதும்.

மறுபடி அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்த ஜனங்கள் வியந்தார்கள். மந்திரிகள் என்றால் மார்பை நிமிர்த்தி, மீசையைத் தடவி, வரிசையாக நிற்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். மந்திரிக்கும் தூக்கம் வரும் என்று காட்டிய படம் அது!

படம் எடுத்தவரின் பெயர் டாக்டர் எரிக் சாலமன். வைத்திய டாக்டர் அல்ல. சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர்.

பணக்கார வீட்டுப் பிள்ளை

சாலமன் 1886ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி பெர்லின் நகரில் பிறந்தார். யூதக் குடும்பம். தகப்பனார் பாங்கு முதலாளி. வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. சாலமன் முதலில் விலங்கு நூல் படித்தார். பிறகு இஞ்சினீயரிங் படித்தார். அதையும் விட்டுவிட்டுச் சட்டம் படித்தார். ஹாலந்து நாட்டுப் பெண்ணை மணந்துகொண்டார். மனைவியின் பெயர் மேகி.

1914ல் போர் வந்தது. சாலமன் பட்டாளத்துக்குப் போனார். பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கிக்கொண்டார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கைதியாக இருந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஒரே லாபம், பிரெஞ்சு மொழி. கைதிகளுக்கும் காவலர்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக இருந்தார். இந்த மொழி பின்னால் அவருக்குச் சோறு போட்டது.

விடுதலையாகி ஊர் திரும்பினால், சொத்து கரைந்துபோயிருந்தது. ஜெர்மனியில் அப்போது பணத்துக்கு மதிப்பே இல்லை. பங்கு மார்க்கெட்டில் வேலை பார்த்தார். பியானோ செய்யும் தொழிலில் இறங்கினார். வாடகைக்கு வண்டி விடும் கம்பெனி நடத்தினார். வண்டியில் ஏறுகிறவர்களுக்குச் சட்ட ஆலோசனையும் உண்டு என்று விளம்பரம் வேறு செய்தார்! ஒன்றும் நிலைக்கவில்லை.

கடைசியில் உல்ஸ்டைன் என்ற பெரிய பத்திரிகைக் கம்பெனியில் விளம்பரப் பகுதியில் வேலை கிடைத்தது. குடியானவர்களின் வீட்டுச் சுவர்களில் அந்தக் கம்பெனி விளம்பரம் வைப்பது வழக்கம். அதில் தகராறுகள் வரும். வழக்கு நடக்கும். சுவர் எப்படி இருக்கிறது என்று கோர்ட்டுக்குக் காட்டப் படம் வேண்டும். அதற்காக ஒரு காமிராவை இரவல் வாங்கினார் சாலமன். அது 1927ஆம் ஆண்டு. அப்போது அவருக்கு வயது 41.

பேரன் பேத்தி எடுக்கப்போகிற வயதில் ஒரு புதுத் தொழிலா என்று மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். சாலமன் காமிராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தமக்கென்று ஒன்று வாங்கினார்.

எந்தக் காமிராவை வாங்கினார்?

இங்கேதான் அவருடைய புத்திசாலித்தனம் தெரிகிறது.

அந்தக் காலத்தில் வீட்டுக்குள் படம் எடுப்பது ஓர் அமர்க்களம். மக்னீசியப் பொடியைத் தட்டில் கொட்டிக் கொளுத்துவார்கள். கண் கூசும் வெளிச்சம் வரும். கூடவே புகை வரும். நெடி அடிக்கும். எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். பிறகு ஜன்னலைத் திறந்துவிடவேண்டும். மந்திரிகள் பேசும் இடத்தில் இதை யார் அனுமதிப்பார்கள்?

டிரெஸ்டன் நகரில் எர்னமான் என்ற காமிராக் கம்பெனி இருந்தது. அங்கே லூட்விக் பெர்ட்டலே என்ற இளைஞர் லென்ஸ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அவர் கண்டுபிடித்த லென்சின் பெயர் எர்னஸ்டார். அதைப் பொருத்தி 1924ல் அந்தக் கம்பெனி ஒரு சிறிய காமிராவைக் கொண்டுவந்தது. அதுதான் எர்மனாக்ஸ். காமிராவைவிட லென்ஸ் பெரிதாகத் தெரியும்! குட்டிப் பெட்டியின் முன்னால் ஒரு சொம்பை ஒட்டவைத்தது போல இருக்கும்.

அந்த லென்சில் என்ன விசேஷம்?

மழை பெய்கிறது. குறுகிய வாய் உள்ள செம்பு ஒன்றையும், அகன்ற வாய் உள்ள அண்டா ஒன்றையும் முற்றத்தில் வைக்கிறோம். எதில் தண்ணீர் அதிகம் சேரும்? அண்டாவில்தான். லென்சும் அப்படியே. வாய் அகன்றால் வெளிச்சம் அதிகம் சேரும்.

லென்சின் வாயை அளக்க ஓர் எண் உண்டு. எப் எண் என்பார்கள். லென்சின் குவிதூரத்தை அதன் துளையின் அகலத்தால் வகுத்தால் அந்த எண் வரும். எர்னஸ்டாரின் குவிதூரம் 10 சென்டிமீட்டர். துளையின் அகலம் 5 சென்டிமீட்டர். வகுத்தால் 2. ஆகவே அது எப் 2. பிறகு எப் 1.8 லென்சும் வந்தது. எண் சின்னதானால் வாய் பெரிது என்று அர்த்தம். முதலில் கேட்கிறவர்களுக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும்.

அப்போது நல்ல காமிராக்களில் பொதுவாக எப் 4.5 லென்ஸ் இருக்கும். எப் 2 லென்சில் அதைப்போல் ஐந்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். மற்றவர் ஒரு விநாடி திறந்துவைக்கவேண்டிய இடத்தில் சாலமனுக்கு ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஒரு விநாடிக்குள் மனிதன் தலையைத் திருப்பிவிடுவான். ஐந்தில் ஒரு பங்கு விநாடியில், பேச்சை நிறுத்தி யோசிக்கிறவரைப் பிடித்துவிடலாம்.

சும்மா கிடைக்குமா?

வாய் அகன்ற லென்சுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பத்தடி தூரத்தில் ஒருவரை நிறுத்தி எப் 2ல் படம் எடுத்தால், ஏறக்குறைய ஒரு சாண் ஆழம்தான் தெளிவாக விழும். மூக்கும் கண்ணும் காதும் தெளிவு. பின்னால் நிற்கிறவர் மங்கல். தூரத்தைத் தவறாக மதிப்பிட்டால் எல்லாமே மங்கல்.

எர்மனாக்சில் பிலிம் சுருளும் கிடையாது. கண்ணாடித் தகடு ஒன்று போட்டால் ஒரு படம். எடுத்தபின் தகட்டை மாற்றவேண்டும். தகட்டின் அளவு நாலரைக்கு ஆறு சென்டிமீட்டர். ஆகையால் வீண் செய்யமுடியாது. சாலமன் காமிராவை ஸ்டாண்டில் நிறுத்துவார். தூரத்தை முன்பே அளந்து வைத்துக்கொள்வார். பிறகு காத்திருப்பார். பேசுகிறவர் ஒரு கணம் அசையாமல் இருக்கும்போது ஷட்டரைத் தட்டுவார். லென்ஸ் பாதி வேலை செய்தது. மீதியைப் பொறுமை செய்தது.

அந்த லென்சுக்கு இன்னொரு நல்ல குணமும் இருந்தது. 10 சென்டிமீட்டர் குவிதூரம் அந்தத் தகட்டின் அளவுக்குச் சற்று நீளமானது. இன்றைய 35 மில்லிமீட்டர் காமிராவில் 60 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டதற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். அகலக் கோணம் காட்டும் லென்சை வைத்து முகத்தை நெருங்கினால் மூக்கு பெரிதாகிவிடும். சாலமனின் லென்சில் சில அடி தள்ளி நின்றே முகத்தை எடுக்கலாம். முகம் முகமாகவே இருக்கும். நெருங்கவும் வேண்டாம், தொந்தரவும் இல்லை.

நம் ஊர்க் கலியாண மண்டபத்தில் இன்று படம் எடுக்கிறவரின் பையைத் திறந்து பாருங்கள். 50 மில்லிமீட்டர், எப் 1.8 என்று எழுதிய சிறிய லென்ஸ் ஒன்று அநேகமாக இருக்கும். காமிராக் கம்பெனிகள் விற்கும் லென்சுகளில் மலிவான வகைகளில் அது ஒன்று. சாலமன் காலத்தில் உலகத்தையே ஆச்சரியப்படவைத்த அதே எப் 1.8! தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் கண்ணில் தெரியும் நீரை, அவள் கண்ணைக் கூசவைக்காமல் எடுக்க உதவுவது இந்த எண்தான். ஆனால் அங்கும் அதே ஒரு சாண் விவகாரம் உண்டு. மாப்பிள்ளையின் முகம் தெளிவாக இருக்கும். பின்னால் நிற்கும் மாமனார் மங்கிவிடுவார். மாமனார் கோபித்துக்கொண்டால் போட்டோக்காரரைத் திட்டிப் பயனில்லை.

கோர்ட்டுக்குள் புகுந்தார்

1928ஆம் ஆண்டு. ஜெர்மனியில் ஒரு கொலை வழக்கு நடந்தது. கோர்ட்டில் படம் எடுக்கக்கூடாது என்று உத்தரவு. சாலமன் உருண்டைத் தொப்பி ஒன்றில் ஓட்டை போட்டார். அதற்குள் காமிராவை வைத்தார். கனவானைப் போல உள்ளே போய் உட்கார்ந்து படம் எடுத்துவிட்டார். சேவகர் ஒருவர் சந்தேகப்பட்டுத் தகடுகளைக் கேட்டாராம். சாலமன் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாராம். கொடுத்தது எல்லாம் படம் எடுக்காத வெறும் தகடு! எடுத்த தகடு சட்டைப் பைக்குள் பத்திரமாக இருந்தது என்று சொல்வார்கள்.

பத்திரிகையில் அந்தப் படங்கள் வந்தன. சாலமன் வேலையை விட்டுவிட்டுப் படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டார்.

சட்டம் படித்தவர் கோர்ட்டு உத்தரவை மீறலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கூண்டில் நிற்கிறவன் தன் முகத்தை ஊருக்கெல்லாம் காட்டச் சம்மதிக்கவில்லையே. இந்த விஷயத்தில் சாலமனை நாம் புகழவேண்டியதில்லை. நாட்டை ஆளுகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று காட்டியது வேறு விஷயம்.

மந்திரியின் நாற்காலியில்

அதே 1928ல் ஆகஸ்டு 27ஆம் தேதி பாரிஸ் நகரில் பெரிய வைபவம். இனிமேல் போர் வேண்டாம் என்று 15 நாடுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. சாலமன் பிரமாதமாக உடுத்திக்கொண்டு போனார். தடுப்பார் யாரும் இல்லை. போலந்து நாட்டுப் பிரதிநிதியின் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டு படம் எடுத்தாராம்!

விருந்துக்குப் போனால் விருந்தாளி மாதிரி உடை. பல மொழிகளில் பேச்சு. பதற்றமே கிடையாது. பொடி கொளுத்தும் ஆசாமியாக இருந்தால் வாசலிலேயே தடுத்திருப்பார்கள். இவர் கையிலோ ஒரு சின்னப் பெட்டி.

1931ல் பிரெஞ்சு வெளிநாட்டு இலாகாவில் ஒரு விருந்து. சாலமனுக்கு அழைப்பு இல்லை. எப்படியும் வந்துவிடுவார் என்று மந்திரி பிரியானுக்குத் தெரியும். சாலமன் காமிராவைத் தூக்கினார். பிரியான் பார்த்துவிட்டார். விரலை நீட்டி, ரகசியம் காக்கத் தெரியாதவர்களின் ராஜா இதோ வந்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டே கூவினார். நீட்டிய விரலோடு பிரியான் படத்தில் அகப்பட்டுக்கொண்டார். சாலமன் எடுத்த படங்களில் மிகவும் பெயர் பெற்றது அதுதான்.

அமெரிக்காவுக்கும் போனார். 1932ல் வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டு நடக்கும்போது படம் எடுத்தார். கை முறிந்ததுபோல் கட்டுப் போட்டுக்கொண்டு, அந்தக் கட்டுக்குள் காமிராவை மறைத்து வைத்திருந்தார். ஆள் தெரியாமல் இயல்பாகப் படம் எடுப்பதற்குக் காண்டிட் காமிரா என்று ஒரு பெயரே ஏற்பட்டது. அதைச் சூட்டியது ஒரு லண்டன் பத்திரிகை. சூட்டியது சாலமன் படங்களைப் பார்த்து.

பிறகு அவர் பிலிம் சுருள் போடும் லைக்கா காமிராவுக்கு மாறினார். பெர்ட்டலேயும் சும்மா இருக்கவில்லை. எர்னமான் கம்பெனி 1926ல் சைஸ் ஐகான் என்ற பெரிய கம்பெனியோடு சேர்ந்துவிட்டது. அங்கே அவர் எப் 1.5 வரை வாய் அகன்ற சோனார் லென்சைச் செய்தார்.

ஒளிந்திருந்த வீடு

1933ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். யூதர்களுக்கு ஜெர்மனியில் இடமில்லை என்று ஆயிற்று. சாலமன் மனைவியின் நாடான ஹாலந்துக்குக் குடும்பத்தோடு போனார். ஹேக் நகரில் வசித்தார். மூத்த மகன் ஆட்டோ லண்டனுக்குப் போய்விட்டார். சாலமனும் கடல் கடந்து போயிருக்கலாம். போகவில்லை.

1940 மே மாதம் ஹிட்லரின் படை ஹாலந்தைப் பிடித்தது. சாலமனும் மனைவியும் இளைய மகன் டிர்க்கும் மாட்டிக்கொண்டார்கள். 1943ல் ஒளிந்து வாழ்ந்தார்கள். ஆள் இல்லாத வீட்டில் அடுப்பு எரியாதல்லவா? அந்த வீட்டில் காஸ் செலவு அதிகமாக இருப்பதைக் கணக்கெடுக்க வந்தவர் கண்டு காட்டிக்கொடுத்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. யாருக்கும் தெரியாமல் எத்தனையோ இடங்களில் புகுந்து வந்த மனிதரை ஒரு காஸ் மீட்டர் பிடித்துக் கொடுத்தது.

மூவரையும் தெரேசியன்ஸ்டாட் என்ற முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஆஷ்விட்ஸ். 1944ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி சாலமன் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. வயது 58. மேகியும் டிர்க்கும் திரும்பி வரவில்லை.

போர் முடிந்தது. லண்டனில் இருந்த மகன் பீட்டர் ஹண்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்தார். தகப்பனாரின் படங்களைத் தேடி ஹாலந்துக்கு வந்தார். ஒரு பகுதி ஹாலந்துப் பார்லிமெண்டின் நூல்நிலையத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொரு பகுதி நண்பர் ஒருவரின் கோழிக்கூண்டில் புதைக்கப்பட்டிருந்தது. ஈரம் பட்டு அதில் பல கெட்டுப்போயிருந்தன. மண்ணைத் தட்டி, துடைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்தார் மகன்.

அவை இப்போது சாலமன் பிறந்த பெர்லின் நகரில், பெர்லினிஷே காலரி என்ற காட்சிசாலையில் இருக்கின்றன.