சிறைவாசிகளுக்காக வாதாடிய தலைமைக் காழி
இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்)

தொழுகை, ஜகாத் பற்றிய மஸ்அலாக்களில் இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்களின் பெயரை நாம் அடிக்கடி கேள்வியுறுகின்றோம். ஆயின், சிறையில் வாடுவோருக்காக அன்னார் ஆட்சியாளரிடம் வாதாடியதை நம்மில் பலர் அறிந்திலோம். எனவே அதனை இம்மலரில் எழுத விழைந்தோம்.

ஹிஜ்ரி 113-இல் கூஃபா நகரில் பிறந்த அன்னாரின் இயற்பெயர் யஃகூப் இப்னு இப்ராஹீம். வறுமையால் கல்வி தடைப்பட இருந்த வேளையில், ஆசிரியர் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களே பொருளுதவி செய்து படிக்க வைத்தார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பின்னாளில் அப்பாஸிய கலீஃபாக்கள் மூவரின் காலத்தில் காழியாகப் பணியாற்றி, காழில் குழாத் எனும் தலைமை நீதிபதிப் பட்டத்தை முதன்முதலாகப் பெற்றார்கள்.

கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் கேட்டுக்கொண்டதற்கிணங்க அன்னார் எழுதிய நூல் கிதாபுல் கராஜ். நிலவரி பற்றிய அந்நூலில் சிறைவாசிகளுக்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள். அக்காலத்தில் கைதிகள் விலங்குடன் வெளியே கொண்டுவரப்பட்டு, பிச்சையெடுத்து உண்ணும் நிலை இருந்தது. இதைக் கண்டித்த இமாமவர்கள், பைத்துல் மாலிலிருந்து ஒவ்வொருவருக்கும் மாதம் 10 திர்ஹம் வழங்க வேண்டினார்கள். ரொட்டியாகக் கொடுத்தால் காவலர்கள் அபகரித்துக்கொள்வர் என்பதையும் அறிந்திருந்தார்கள்! ஆகவே, நேர்மையான ஒருவர் பெயர்ப் பதிவேட்டுடன் அமர்ந்து, ஒவ்வொருவராக அழைத்து, பணத்தைக் கையிலேயே கொடுக்க வேண்டும் என்றார்கள். குளிர்காலத்திற்குச் சட்டையும் போர்வையும், கோடைக்குச் சட்டையும் வேட்டியும், பெண்களுக்கு முக்காட்டுத் துணியும் அப்பட்டியலில் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், 1777-இல் ஜான் ஹோவர்டு இங்கிலாந்துச் சிறைகளைப் பற்றி எழுதியபோதும், விடுதலையான கைதிகள் சிறைக்கட்டணம் செலுத்த இயலாமல் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தனர் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கின்றோம்.

நம் மனத்தை மிகவும் உருக்கிய பகுதி மற்றொன்று. உற்றார் இல்லாத கைதி இறந்தால் ஓரிரு நாட்கள் சடலம் சிறையிலேயே கிடக்குமாம். உடனிருந்த கைதிகள் தமக்குள் தர்மம் திரட்டிக் கூலி கொடுத்து அனுப்ப, குளிப்பாட்டலும் கஃபனும் ஜனாஸாத் தொழுகையும் இன்றி அடக்கப்படுமாம். மையித்துக்கான கடமைகளை நிறைவேற்றும் பொறுப்புள்ள ஜமாஅத்தாராகிய நாம் இதை வாசித்துக் கலங்காதிருக்க இயலுமா? அச்செலவு முழுவதையும் பைத்துல் மாலே ஏற்க வேண்டும் என இமாமவர்கள் எழுதினார்கள்.

வெறும் குற்றச்சாட்டைக் கொண்டு எவரையும் சிறையிலடைக்கலாகாது. அடித்துப் பெற்ற வாக்குமூலம் செல்லாது. அதிகாரிகள் கைதிகளின் நிலையை நாள்தோறும் ஆராய்ந்து, வழக்கில்லாதவரை உடனே விடுவிக்க வேண்டும் என்பனவும் அன்னாரின் அறிவுரைகள். விசாரணையின்றிக் கைதிகள் தேங்கியதால்தான் சிறைகள் நிரம்பின என்பது அன்னாரின் கணிப்பு. வலிமைமிக்க கலீஃபாவிடம் இவற்றைத் தயக்கமின்றி எடுத்துரைத்ததை நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

ஹிஜ்ரி 182-இல் (கி.பி. 798) பக்தாதில் அன்னார் மறைந்தார்கள். காழிமிய்யா பகுதியில் அடக்கமாகியுள்ளார்கள்.