வானத்துக் கல்லுக்கு வழக்காடியவர்



கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்குப் போன பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வானத்தில் நெருப்புப் பந்து ஓடியதைப் பார்த்தவர் யாராவது இருப்பார். எரிநட்சத்திரத்தைப் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்கணும் என்றும் சொல்லி வைப்பார். (பிரிக்பீல்ட்ஸ் விளக்கு வெளிச்சத்தில் இதெல்லாம் கண்ணில் படுவது அபூர்வம்!) நீங்கள் கண்ணால் கண்டதைப் படித்தவர் ஒருவரிடம் சொல்ல, அவர் சிரித்துவிட்டால் எப்படி இருக்கும்? ஐரோப்பாவில் ஒரு காலத்தில் அதுதான் நடந்தது. வானத்திலிருந்து கல் விழுந்தது என்று குடியானவர்கள் சொன்னதை, பாமரன் பேச்சு என்று அறிஞர்கள் பலர் ஒதுக்கித் தள்ளினார்கள்.

அந்தப் பாமரன் பேச்சை நம்பியவர் எர்ன்ஸ்ட் கிளாட்னி. 1756-இல் ஜெர்மனியின் விட்டன்பெர்க் நகரில் பிறந்தவர். அப்பா சட்டப் பேராசிரியர், ரொம்பக் கண்டிப்பு. மகனையும் சட்டமே படிக்க வைத்தார். 1782-இல் அப்பா காலமானதும் மகன் தன் விருப்பப்படி விஞ்ஞானத்துக்கு வந்துவிட்டார். தகட்டில் மணலைத் தூவி, ஓரத்தில் வயலின் வில்லை இழுப்பார். மணல் தானே கோலம் போடும். பின்னாளில் நெப்போலியனே அதைப் பார்த்து வியந்து 6,000 பிராங்க் கொடுத்தார். ஆனாலும் நிலையான உத்தியோகம் அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. ஊர் ஊராகப் போய் வித்தை காட்டித்தான் பிழைப்பு.

லிக்டன்பெர்க் என்ற அறிஞரோடு நெருப்புப் பந்துகளைப் பற்றிப் பேசிய பிறகு, நூலகத்தில் உட்கார்ந்து பழைய ஏடுகளைப் புரட்டினார். படித்த சட்டம் வீண்போகலை. வேறு வேறு நாடு, வேறு வேறு காலம். ஒருவரை ஒருவர் அறியாத சாட்சிகள். ஆனால் சொல்வது ஒன்றுதான்: முதலில் வெளிச்சம், பிறகு இடிமுழக்கம், பிறகு கல். ஒளியைவிட ஒலி மெதுவாக வருவதால் முழக்கம் பிந்தித்தானே கேட்கும்! இத்தனை பேரும் பொய் சொல்வார்களா? 1794-இல் புத்தகமே எழுதினார்: இந்தக் கற்கள் பூமிக்கு வெளியே, விண்வெளியிலிருந்து வருபவை என்று. பலர் கேலி செய்தார்கள்.

பதிலை வானமே சொன்னது. 1795-இல் இங்கிலாந்தில் ஒரு கல் விழுந்தது. 1798 டிசம்பரில் நம் காசிக்கு அருகே நெருப்புப் பந்து ஓடி, கற்கள் விழுந்தன. ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வேதியியல் அறிஞர் இவற்றைச் சோதித்து, நிக்கல் கலந்த இரும்பு இருப்பதை 1802-இல் வெளியிட்டார். 1803 ஏப்ரல் 26-இல் பிரான்சின் லேகிள் ஊரில் ஆயிரக்கணக்கான கற்கள்! அரசு அனுப்பிய பியோ என்ற இளம் விஞ்ஞானி, கிராமம் கிராமமாகப் போய் அதே குடியானவர்களிடம் விசாரித்து அறிக்கை எழுதினார். அதற்குப் பிறகு மறுத்துப் பேசியவர்கள் குறைந்துபோனார்கள்.

கிளாட்னி 1827-இல் காலமானார். வாழ்நாளெல்லாம் சேர்த்த விண்கற்களை பெர்லினுக்கு எழுதி வைத்திருந்தார்.