தளராத குதிரையோட்ட வீராங்கனை

லிஸ் ஹார்ட்டல் 1921ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டில் பிறந்தார். இளம் வயதிலேயே அவர் 'டிரஸாஜ்' எனும் குதிரையோட்டக் கலையில் தேர்ச்சி பெற்றார். இப்போட்டியில் வேகம் முக்கியமன்று. குதிரையோட்டி கால்களால் தரும் நுண்ணிய குறிப்புகளை உணர்ந்து, குதிரை அழகாக அடியெடுத்து வைக்க வேண்டும்.

1944இல், கருவுற்றிருந்த லிஸ்ஸை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனால், தாயின் முழங்கால்களுக்குக் கீழே வலு திரும்பவே இல்லை. மருத்துவர்கள் ஊன்றுகோலுடன் நடந்தாலே போதும் என்று கருதினர். லிஸ்ஸோ மீண்டும் குதிரையேற விரும்பினார். ஒவ்வொரு முறையும் பிறர் அவரைத் தூக்கிச் சேணத்தில் அமர்த்தினர். கால்கள் செய்த வேலையை முதுகின் அசைவாலும் உடல் எடையை மாற்றி அமர்வதாலும் செய்யப் பழகினார். அவருடைய குதிரையான ஜுபிலி அப்புதிய குறிப்புகளைப் புரிந்துகொண்டது.

அதுவரை ஒலிம்பிக் டிரஸாஜ் ஆண்களின் களமாகவே இருந்தது. 1952இல் ஹெல்சின்கியில் பெண்களுக்கும் முதன்முறையாக வாய்ப்புக் கிட்டியது. லிஸ் ஆண்களுடன் போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். அவர் வெற்றி மேடையில் ஏற, தங்கம் வென்ற சுவீடன் வீரர் ஹென்றி செயின்ட் சிர் கைகொடுத்து உதவினார். 1956இல் ஸ்டாக்ஹோமிலும் லிஸ் வெள்ளி வென்றார்.

லிஸ் 2009இல் மறைந்தார். உடற்குறையுள்ளோர்க்குக் குதிரையோட்டத்தைச் சிகிச்சையாகக் கற்பிக்கும் முயற்சிகள் பரவ அவரது வெற்றி தூண்டுகோலாக அமைந்தது. பிறர் துணையின்றிச் சேணத்தில் ஏற இயலாத அவர், பலருக்கு அதில் ஏறும் வழியைக் காட்டினார்.