கிரியும் இரண்டாம் விருப்பமும்

பிரம்மதேசத்து வோட்டர் ராஷ்டிரபதியை நேரே தேர்ந்தெடுப்பதில்லை. அவர் அனுப்பிய சட்டசபை அங்கத்தினரே வோட்டளிக்கிறார். அவ்வோட்டின் அருமை 1969-இல் விளங்கிற்று.

பெர்ஹாம்பூரில் 1894-இல் பிறந்து, டப்ளினில் சட்டம் பயின்ற ஸ்ரீ வி. வி. கிரி தொழிலாளருக்காகப் பாடுபட்டவர். பதவி துறப்பது அவருக்குப் புதிதன்று: பாங்கு ஊழியர் தகராற்றுத் தீர்ப்பைச் சர்க்கார் திருத்தியதும் 1954-இல் மந்திரி பதவியை விட்டார். 1969-இல் உபராஷ்டிரபதி பதவியையும் விட்டுச் சுயேச்சையாக நின்றார்.

முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515. காங்கிரஸ் அபேட்சகர் சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548. ஜயத்துக்கு வேண்டியதோ 4,18,169. பிரெஞ்சு தேசமாயின் ஜனங்கள் மறுமுறை சாவடிக்குச் செல்வர். இங்கே அதே சீட்டின் இரண்டாம் விருப்பத்தை எண்ணினர். மூன்றாமவரான தேஷ்முக்கின் ஆதரவாளர் பெரும்பாலும் ரெட்டியையே நாடினர்; எனினும் கிரி 4,20,077 பெற்று, 14,650 வித்தியாசத்தில் வென்றார். முதலில் பெற்ற முன்னணியே அவரைக் காத்ததென்பது நம் கருத்து. காங்கிரஸ் அவ்வாண்டே பிளந்தது. கிரி 1980-இல் சென்னையில் காலமானார்.