தராசு பிடித்த மனிதர்

லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகிற எங்கட ஆட்கள், தலைக்கு மேலால் மெட்ரோ ஓடுகிற அந்தப் பெருந்தெருவை எத்தனை தரம் கடந்திருப்பார்கள்! அது ஒரு மதில் நின்ற இடம். பாரிசுக்குள் வரும் பொருட்களுக்கு வரி அறவிட 1784இல் அதைக் கட்டத் தொடங்கினார்கள். எங்கட கடைகள் நிற்கிற பக்கம் மதிலுக்கு உள்ளே, லாச்சப்பல் கிராமம் வெளியே. 1860இல்தான் அதைப் பாரிசோடு சேர்த்தார்கள். ஒரு தரிப்புத் தள்ளி ஸ்டாலின்கிராட்டில் நிற்கிற வட்டக் கட்டடம் அந்த மதிலின் சுங்கச்சாவடிகளில் ஒன்று.

மதில் யோசனையைச் சொன்னவர் அந்துவான் லவுவாசியே. மகள் பாடப் புத்தகத்தில் இந்தப் பெயரை வாசித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது: ஊரில் நான் இலவோசியர் என்று பாடமாக்கிய ஆள்! திணிவுக் காப்பு விதியை எழுதிப் புள்ளி வாங்கினேனே தவிர, ஆளைப் பற்றி ஒன்றும் அறியேன்.

1743இல் பாரிசில் பிறந்தவர். படித்தது சட்டம், மனம் போனது இரசாயனத்தில். அரசனுக்காக வரி அறவிடும் கூட்டுக் குத்தகையில் பங்கு வாங்கினார். அந்தக் காசில்தான் ஆய்வுகூடம் நடந்தது. ஏழைகளின் உப்பிலும் புகையிலையிலும் வந்த காசு அது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

அவருடைய ஆயுதம் தராசு. பொருள் எரியும்போது அதிலிருந்து ஏதோ வெளியேறுகிறது என்று அக்காலத்துப் பெரியவர்கள் நம்பினார்கள். இவர் நிறுத்துப் பார்த்தார். கந்தகம் எரிந்தபின் பாரம் கூடியிருந்தது! இரசத்தைக் காற்றோடு அடைத்துப் பன்னிரண்டு நாள் சூடாக்கினார். மேலே சிவப்புத் தூள் படிந்தது, காற்றில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்தது. அந்தத் தூளில் 45 கிரெயினை எடுத்து இன்னும் கூடச் சூடாக்க, 41½ கிரெயின் இரசம் திரும்பி வந்தது. மிச்சம் வாயுவாய்ப் போனது. அதற்குத்தான் ஒட்சிசன் என்று பெயர் வைத்தார். ஒன்றும் காணாமற் போகவில்லை, கணக்குச் சரி. 1789இல் இதையெல்லாம் நூலாக்கினார். படங்களை வரைந்தவர் மனைவி மரி-ஆன். பதின்மூன்று வயதில் கலியாணம் முடித்து வந்தவர், கணவனுக்காக ஆங்கிலம் படித்து மொழிபெயர்த்தும் கொடுத்தார்.

பிறகு அஞ்சே நகரத்துப் புரூஸ்ட், செம்புக் காபனேற்றை நிலத்தில் எடுத்தாலும் ஆய்வுகூடத்தில் செய்தாலும் கூறுகளின் விகிதம் ஒன்றுதான் என்று காட்டினார். இந்த நிறைக் கணக்குகளுக்கு இங்கிலாந்தில் தாற்றன் சொன்ன விளக்கம்தான் அணுக்கொள்கை.

அதைப் பார்க்க லவுவாசியே இல்லை. புரட்சியில் வரிக் குத்தகைக்காரர்களைப் பிடித்தார்கள். சனம் மதிலை மறக்கவில்லை. 1794 மே 8ஆம் திகதி காலையில் விசாரணை, அன்றைக்கே இன்றைய கொன்கோர்ட் சதுக்கத்தில் இருபத்தெட்டுப் பேரின் தலை விழுந்தது. அவருடைய மாமனாரும் அதில் ஒருவர். வரிக்குத் தண்டனை கொடுக்கலாம், தலையை எடுப்பது நீதியா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒரே நாளில் தகப்பனையும் கணவனையும் இழந்த மரி-ஆன், பறித்த உடைமைகளைத் திருப்பிப் பெற்று, அவருடைய எழுத்துகளை அச்சிட்டு, 1836 வரை வாழ்ந்தார். அந்த ஆய்வுகூடத்துத் தராசுகள் ஆர் எ மெத்தியே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லாச்சப்பலில் இருந்து அவ்வளவு தூரமில்லை. இந்த விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு போகவேணும்.